கல்லுக்குத் தண்ணீர் கொடுத்த நான்கு நாட்கள்

போன மாதம் மதுரங்குளியிலிருந்து சர்மிளா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்தவள். புதிய இயந்திரம் ஒன்று வந்திறங்கியிருக்கிறதாம். தண்ணீரில் உப்பை அதுவே கலக்கிறதாம், அதுவே குறைக்கிறதாம், பக்கத்தில் ஆள் நிற்கவே தேவையில்லையாம்.

"எல்லாம் சரி அக்கா. ஆனா உப்பை ஒரேயடியா நிறுத்தாம இத்தனை படியாக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கே, ஏன் எண்டு இங்க ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல்ல. நீங்க ஒருக்கா எழுதித் தாங்களேன்" என்றாள்.

அந்தப் படிகளை வகுத்தவளே நான்தான். எழுதாமல் விடுவேனா? தற்பெருமை அடிக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அறுபது வயதுக்குப் பிறகு தன்னடக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் கடற்கரை ஊரான உடப்பைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் இரசாயனம் படித்துச் சித்தியடைந்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடி, நாற்பது வயதில்தான் புத்தளம் பக்கத்து உப்பளம் ஒன்றில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. வெயிலில் பாத்தி பாத்தியாக நடந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அள்ளி, அடர்த்திமானியை மிதக்கவிட்டு, அளவை எழுதுவதுதான் வேலை. கடலேரியான களப்பின் தண்ணீரை யாரும் நேரே உப்பு விளையும் பாத்திக்கு விடுவதில்லை. ஒரு பாத்தியில் கொஞ்சம் வற்றி, அடுத்ததில் இன்னும் கொஞ்சம் வற்றி, அளவு வந்த பிறகுதான் மடையைத் திறப்போம். ஒரு பாத்தியைத் தாண்டி மறு பாத்திக்கு விட்டால் அந்தப் போகமே கெட்டது. ஏழு வருஷம் இந்த வேலை பார்த்தேன். முகம் கருத்தது, கண் கூர்மையானது.

பிறகு யுத்தம் முடிந்தது. வடக்கே கடலில் எண்ணெய் தேடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. அந்த ஆசையில் ஒரு கம்பனி மதுரங்குளியில் பாறை ஆய்வுகூடம் ஒன்றைத் திறந்தது. எங்கள் கடலின் கல் ஒன்றுகூட அங்கே வரவில்லை என்பது வேறு விஷயம். வெளிநாட்டு எண்ணெய் வயல்களின் கற்கள்தான் பெட்டி பெட்டியாக வந்தன. உப்புத் தண்ணீர் அளக்கத் தெரிந்த ஆள் தேவை என்று பத்திரிகையில் பார்த்து விண்ணப்பித்தேன்.

நேர்முகத் தேர்வில் இருந்தவர் பாறூக் சேர். கற்பிட்டிக்காரர், வளைகுடா எண்ணெய் வயல்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். மூன்று போத்தல் உப்புத் தண்ணீரை மேசையில் வைத்து, எது கூட, எது குறைவு என்று கேட்டார். நான் அடர்த்திமானி கேட்டேன்.

"நாக்கால பாத்துச் சொல்லுவீங்க எண்டு நெனச்சேன்" என்றார்.

"கருவி இருக்கக்குள்ள நாக்கு எதுக்கு சேர்?"

அவர் சிரிக்கவில்லை. தற்காலிக நியமனம் தந்தார். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். என் கணவர் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். மாதம் தவறாமல் வரும் சம்பளம் என்றால் எங்கள் வீட்டில் அது என்னுடையதுதான்.

பாறூக் சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஆய்வுகூடத்துக்குள் பென்சில் கொண்டுவரக் கூடாது, அழிறப்பர் கொண்டுவரவே கூடாது. பிழையாக எழுதினால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஓர் அளவு மூன்று தரம் ஒரேமாதிரி வந்தால்தான் அவருக்கு அது அளவு. யாராவது வால்வைத் திருகிக்கொண்டு நின்றால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். பிழையாகத் திருகினாலும் தன் கையை நீட்டமாட்டார். நமக்குத்தான் வியர்த்துக் கொட்டும்.

எண்ணெய் நிலத்துக்கு அடியில் குளம்மாதிரிக் கிடக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மணற்கல்லின் மணிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கின்றன. எண்ணெய் அவற்றுக்குள் இருக்கிறது. தானாக வருவது நின்றதும், ஒரு கிணற்றால் தண்ணீரை அமுக்கி இறக்கி, எண்ணெயை அடுத்த கிணற்றை நோக்கித் தள்ளுவார்கள். அதற்குக் கல் தண்ணீரை உள்ளே விடவேண்டும். புத்தகத்தில் இதற்கு உட்புகவிடுமியல்பு என்று பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால் நாங்கள் "கல் எவ்வளவு குடிக்குது?" என்றே கேட்டுக்கொள்வோம்.

பார்க்கும் முறை இதுதான். பெருவிரல் பருமனில் உருளையாக அறுத்த கல்லை றப்பர் உறைக்குள் இட்டு, இரும்புக் கூட்டில் இறுக்குவோம். ஒரு பக்கத்தால் பம்பி சீரான வேகத்தில் தண்ணீரைத் தள்ளும். மறு பக்கத்தால் வருவதை அளவுச்சாடியில் பிடிப்போம். அமுக்கமானியின் முள் கீழே நின்றால் கல் சுகமாகக் குடிக்கிறது. முள் ஏறினால் தொண்டை அடைக்கிறது என்று அர்த்தம்.

நான் சேர்ந்து பத்தாவது மாதம் அந்தக் கற்கள் வந்தன. மூன்றே மூன்று. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒரு வெளிநாட்டு எண்ணெய் வயலில், ஒரே ஆழத்திலிருந்து எடுத்தவை. வயலுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்றுத் தண்ணீரையே கிணற்றில் இறக்குவது என்று முடிவுசெய்து, குழாய் பதிக்கவும் தொடங்கிவிட்டார்கள். கல் சம்மதிக்கிறதா என்று எங்களிடம் கேட்டது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். அந்த வயலின் சார்பில் கொழும்பிலிருந்து வந்துபோனவர் ஜயந்த என்ற பொறியியலாளர். எங்கள் கையில் அப்போது வேறு வேலை கிடையாது. இதுவும் போனால் ஆய்வுகூடத்தைப் பூட்டவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. முதல் கல்லுக்கு, அது பூமிக்கடியில் குடித்துப் பழகிய அதே அளவு உப்புத் தண்ணீரைக் காலையிலிருந்து கொடுத்தேன். முள் அசையவில்லை. மூன்று அளவும் ஒன்றாக வந்தன. பாறூக் சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். போகும்போது, "லைனைக் கழுவி வைங்க தங்கச்சி" என்றார்.

லைன் என்று அவர் சொன்னது குழாய்களை. கல்லைச் சுற்றிப் போகும் பக்கக் குழாயைத் திறந்து, கல்லை மூடிவிட்டுக் கழுவவேண்டும். நான் அதைத் திறக்கவில்லை. மறந்து அல்ல, யோசித்துத்தான். உப்பளத்தில் உப்புத் தண்ணீர் பட்ட எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்கமாட்டோம். கண்ணாடி, பித்தளை, வாளி, கால் எல்லாவற்றையும்தான். குழாயில் இருக்கும் உப்பு கெடுதல் என்றால் கல்லில் இருக்கும் உப்பும் கெடுதல்தானே, அதையும் சேர்த்தே அலசி வைப்போம் என்று என் புத்தி சொன்னது. உப்பளத்தில் வேலை பார்த்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தலை மாட்டிப் பம்பியைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாடியில் விழுந்த தண்ணீர் லேசாகக் கலங்கியது, அரிசி கழுவிய தண்ணீர்மாதிரி. முள் ஏறத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே சிவப்புக் கோட்டைத் தொட்டது. சாடியில் துளி விழுவது நின்றது. பதறிப்போய்ப் பழைய உப்புத் தண்ணீரையே திரும்பவும் கொடுத்தேன். கல் வாயைத் திறக்கவேயில்லை. பம்பியை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

பாறூக் சேர் தொப்பியைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"என்ன விட்டீங்க?"

"வடிச்ச தண்ணி, சேர்."

"எவ்வளவு?"

"அரைச் சாடி."

"எத்தனை மணிக்கு?"

சொன்னேன். "எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஜயந்த வந்தார். குறிப்பைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் சேரிடம் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். முந்தல் சந்தையில் மீன் விற்றுப் பழகிய குடும்பம் எங்களுடையது, அந்தச் சிங்களம் எனக்கு நன்றாகவே விளங்கும். மூன்று கல்லில் ஒன்றை இந்தப் பெண் கொன்றுவிட்டாள் என்றார். அவளுடைய போத்தலில் ஏதோ அழுக்கு இருந்திருக்கிறது, அதுதான் கல்லின் வாயில் அடைத்திருக்கிறது, ஆற்றுத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பணியிலிருந்து என்னை உடனடியாக நீக்கவேண்டும், இல்லாவிட்டால் கற்களைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பது கடிதத்தின் சாரம்.

எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. பிழை செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுக்குப் போத்தலா? என் போத்தலா?

"சேர், போத்தல்ல அழுக்கு இருக்கல்ல. சாடியில கலங்கி வந்தது கல்லுக்குள்ள இருந்த களிமண். நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

பாறூக் சேர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டு பேர்ட கதையையும் கல்லுக்கிட்டயே கேப்பம்" என்றார்.

அவர் சொன்ன வழி எளியது. கூட்டைத் திருப்பி மாட்டி, மறு பக்கத்தால் உப்புத் தண்ணீர் விடவேண்டும். அழுக்கு வெளியிலிருந்து வந்து வாயில் அடைத்திருந்தால், தண்ணீர் அதைப் பின்னால் தள்ளி வெளியேற்றிவிடும், கல் பிறகு குடித்துக்கொண்டே இருக்கும். கல்லுக்குள் இருந்த களித் துகள்கள்தான் பெயர்ந்து குறுகலான இடங்களில் சிக்கியிருக்கின்றன என்றால், திருப்பியதும் அவை விடுபடும், ஆனால் கொஞ்சத் தூரம் போய் எதிர்ப்பக்கக் குறுகலில் மறுபடியும் சிக்கும்.

பம்பியைப் போட்டேன். முள் விழுந்தது. சாடியில் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. ஜயந்த கையைத் தட்டினார். "நான் சொன்னேனே!" என்றார். பாறூக் சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும். முள் மெல்ல அசைந்தது. பிறகு ஏறியது. பிறகு நிற்காமல் ஏறிச் சிவப்பைத் தொட்டது. துளி நின்றது.

இன்னும் இரண்டு தரம் திருப்பினோம், சேருக்கு மூன்று வேண்டுமே. மூன்று தரமும் கல் திறந்து, திரும்ப மூடியது. அந்த மூன்றாவது தரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் போத்தல் சுத்தமானது.

ஜயந்த கதிரையில் அமர்ந்தார். அவருடைய கோபமும் இறங்கிவிட்டது. அரைச் சாடி நல்ல தண்ணீரே கல்லை இப்படிக் கட்டிப்போடும் என்றால், ஓர் ஆற்றையே இறக்கினால் என்ன நடக்கும்? கிணறுகள் எல்லாம் அடைபட்டுப்போகும். கடல் தண்ணீர் கொண்டுவரவும் வழியில்லை. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புத் தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது, அது சில வாரத்துக்குத்தான் காணும் என்றார். "இனி வேலையை நிறுத்தவேண்டியதுதான்" என்றார், எங்களைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்து. வேலை நின்றால் எங்கள் ஒப்பந்தமும் நிற்கும், என் நியமனமும் அதோடு போகும்.

அப்போதுதான் எனக்குப் பாத்திகளின் ஞாபகம் வந்தது. உப்பு விளைந்த பாத்தியின் களித்தரை கல்லுமாதிரி இறுகியிருக்கும். அதில் திடீரென்று பெருமழை கொட்டினால் தரை கரைந்து சேறாகிவிடும். அதனால் மாரிக்கு முன்னால் நாங்கள் ஒரு வேலை செய்வோம். முந்தின பாத்தியின் தண்ணீரை, பிறகு அதற்கும் முந்தினதை, பிறகு களப்புத் தண்ணீரை என்று ஒவ்வொன்றாக விட்டுத் தரையைப் பழக்குவோம். அப்படிப் பழக்கிய பாத்தியில் மழை விழுந்தாலும் தரை அவ்வளவாகக் குழம்பாது.

"சேர், உப்பு இருக்கும்வரைக்கும் களி கல்லோட ஒட்டிக்கொண்டு இருக்குது. ஒரேயடியா உப்பை எடுத்தா எல்லாம் ஒண்டாக் கழண்டு வருது. தீமிதி முடிஞ்சு சனம் முழுக்க ஒரே வாசலால ஓடுற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா நாலு பேர், அஞ்சு பேராப் போய்ச் சேர்ந்திருவாங்கதானே? அங்க இருக்கிற உப்புத் தண்ணியோட ஆத்துத் தண்ணியைக் கலந்து, ஒவ்வொரு படியா இறங்கிப் பாப்பமா?"

பாறூக் சேர் அதை அப்படியே சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். ஜயந்த என்னை முதன்முதலாக நேரே பார்த்தார்.

"இன்னொரு கல்லும் போனால்?"

மிஞ்சியிருந்தது இரண்டு. ஒன்றை முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். ஆக எனக்கு ஒரே ஒரு கல்.

"போனா அந்தக் கடிதத்தில நானும் கையெழுத்து வைக்கிறேன்" என்றார் பாறூக் சேர். பிறகு என்னிடம் திரும்பி, "எத்தனை படி?" என்றார்.

"பன்னிரண்டு" என்றேன். கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. எங்கள் உப்பளத்தில் பன்னிரண்டு பாத்தி.

அந்த நான்கு நாளும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. பன்னிரண்டு போத்தலையும் நானே கலந்தேன். ஒவ்வொன்றிலும் உப்பு முந்தினதைவிடக் குறைவு, கடைசிப் போத்தலில் ஆற்றில் இருக்கும் அளவுதான். போத்தல்களை ஒன்றுக்கு மூன்று தரம் கழுவி வெளிச்சத்தில் ஜயந்தவுக்குக் காட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ஒரு போத்தலைக் கொடுத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, மூன்று அளவு ஒன்றாக வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். மாலையில் பம்பியை நிறுத்தாமல் ஆக மெதுவாக்கி வைத்துவிட்டுப் போய், காலையில் அதே போத்தலில் தொடங்கினேன். முதல் நாள் மூன்று படி. இரண்டாம் நாள் இன்னும் மூன்று. கல் குடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் எட்டாவது போத்தலில் சாடித் தண்ணீர் கலங்கியது. முள் ஒரு கோடு ஏறியது.

"நிறுத்துங்க அக்கே, நிறுத்துங்க!" ஜயந்த எழும்பிவிட்டார்.

பாறூக் சேரைப் பார்த்தேன். கை பின்னால்தான் இருந்தது. முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வால்வில் இருப்பது என் கை, முடிவும் என்னுடையது. நிறுத்தினால் உள்ளே பெயர்ந்தவை நின்ற இடத்திலேயே படிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. ஒன்பதாவதற்குப் போனால் இன்னும் பெயரும்.

"நிறுத்தவும் மாட்டேன், உப்பைக் குறைக்கவும் மாட்டேன். இதையே கொடுப்பம். போறது போய் முடியட்டும்" என்றேன்.

மத்தியானம் தாண்டியது. யாரும் சாப்பிடப் போகவில்லை. சாடியை மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல் மெலிந்தது. பிறகு தெளிந்தது. முள் அந்த ஒரு கோடும் இறங்கி, பழைய இடத்தில் வந்து நின்றது. மூன்று தரம் எழுதினேன், மூன்றும் ஒன்று. என் கையெழுத்து மட்டும் கோணல்.

நான்காம் நாள் பின்னேரம் பன்னிரண்டாவது போத்தலை மாட்டினேன். ஆற்றுத் தண்ணீர். முதல் கல்லைக் கொன்ற தண்ணீருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பம்பி ஓடியது. முள் அசையவில்லை. அசையவேயில்லை! சாடி நிறைந்தது, வேறு சாடி வைத்தேன், அதுவும் நிறைந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுதேன் என்று பிறகு சர்மிளாவிடம் யாரோ சொன்னார்களாம், அது சுத்தப் பொய்.

ஜயந்த மூன்று அளவையும் தானே பார்த்துத் தானே எழுதினார். பிறகு சேரின் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டி, அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார், கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

"இங்க எதையும் அழிக்கிறதில்ல" என்றார் பாறூக் சேர். "வேணுமெண்டா பக்கத்தில இன்னொண்டு எழுதுங்க."

ஜயந்த எழுதினார். அந்த வயலின் மற்றக் கற்கள் எல்லாவற்றையும் எங்கள் ஆய்வுகூடமே பார்க்கவேண்டும், பரிசோதனையை இவரே நேரில் செய்யவேண்டும் என்று என் பெயரைப் போட்டு எழுதினார். சில மாதம் கழித்து அந்த வயலில் இதே வரிசையில் தண்ணீர் இறக்கினார்கள். கிணறு குடிக்கிறது என்று அவரே தொலைபேசியில் கத்தினார். நிரந்தர நியமனம் வந்தது. ஆய்வுகூடம் பூட்டப்படவில்லை, அதன் பிறகு ஏழு பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் என்ன பரிசு வேண்டும் என்று பாறூக் சேர் கேட்டார். ஆய்வுகூடத்து ஆவணக் கோவையிலிருந்து ஜயந்தவின் கடிதப் பிரதி ஒன்று கேட்டேன். இரண்டாவதை எடுத்தார். "அது இல்ல சேர், முதலாவது" என்றேன். அன்றைக்குத்தான் அந்த மனிதர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டேன்.

அதைக் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறேன். என்னை உடனடியாக நீக்கவேண்டும் என்ற வரி வாசலிலிருந்தே தெரியும். போன தீமிதித் திருவிழாவுக்கு அந்தக் கடிதத்தை எழுதியவரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். வந்தவர் நிமிர்ந்து பார்த்தார், தன் கையெழுத்தைத் தானே வாசித்தார், பிறகு அதன் கீழேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் நன்றாயிருக்கின்றன என்று என்னிடம் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.